காவிரிக் கரையோடு: குதிரையும் தர்காவும்

முசிறியிலிருந்து வடகரைச் சாலையில் குணசீலம் தாண்டி வந்தால், முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். தென்கரையில் திருச்சி மலைக்கோட்டை. தீவையும் கோட்டையையும் இந்தப் பகுதியில் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன். படையால் ஊரைப் பிடித்தவன் அங்கே நிலைக்க என்ன வேண்டும்? பாரசீகத்து ஷாவும் முகலாய பாதுஷாவும் கண்ட வழியில்தான் ஆற்காட்டு நவாபும் நடந்தார் என்பது என் கட்சி. படைபலம் வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே இருக்கும் உரிமையைக் கோயிலிடமோ தர்காவிடமோதான் பெற வேண்டியிருந்தது.

முதலில் ஸ்ரீரங்கம் கோயிலில், விஜயநகரக் காலத்துச் சேஷராயர் மண்டபத் தூண்கள். முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரை, சேணத்தின் மேல் வீரன், அவன் ஈட்டிக்குக் கீழே புலி, குதிரையின் காலடியில் ஆயுதம் ஏந்திய காலாட்கள். விஜயநகரப் படைக்கு நல்ல குதிரை கடல் கடந்து வந்த சரக்கு. பாரசீக வளைகுடா வாயிலில் உள்ள ஓர்முஸ் குதிரையும் நாட்டுக் குதிரையுமாக அரசர் ஆண்டுக்கு 13,000 வாங்கினார் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதிவைத்தார். அந்த விலையுயர்ந்த படைபலத்தைத்தான் சிற்பி பெருமாளின் மண்டபத்தில் தூணாக்கி நிறுத்தினான். போர்க்களத்தில் அரசனுடையதாக இருந்தது கோயிலில் ஊருக்கு உரியதாயிற்று. இதே ஓர்முஸை 1622இல் ஷா அப்பாஸ் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தபோது, கப்பல் கொடுத்து உதவியது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. நூற்று முப்பது ஆண்டு கழித்துத் திருச்சியில் ஆற்காட்டு நவாபுக்குத் துணைப்படை கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

பீரங்கிப் படையைப் புதிதாகக் கட்டிய ஷா அப்பாஸ், 1601இல் இஸ்பஹானிலிருந்து மஷ்ஹதில் உள்ள இமாம் ரிசாவின் அடக்கத்தலத்துக்கு நடந்தே போனார்; மூதாதையரான ஷேக் சஃபியின் அர்தபீல் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைக் காணிக்கையாக்கினார். முகலாய பாதுஷா அக்பர் 1570இல் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் தர்காவுக்கு நடந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் நிலைமை இவர்களைவிட நெருக்கடியானது. குடும்பம் வடக்கே கோபாமாவிலிருந்து வந்தது. தந்தை அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். மகனுக்கு எஞ்சியது திருச்சிக் கோட்டை. டெல்லியையோ 1739இல் நாதிர் ஷா சூறையாடிவிட்டார். 1765இல் முகலாய பாதுஷாவிடமிருந்து வந்த ஃபர்மானுக்கு (அரசாணைக்கு)ப் பின்னால் படை இல்லை. முகமது அலிக்குக் கைகொடுத்தவர் திருச்சியின் பழைய சூஃபி ஞானியான நத்தர்வலி. நவாபின் ஆதரவில் எழுதப்பட்ட பாரசீக வரலாறான துசுக்-இ-வாலாஜாஹி, இந்த ஊரையே நத்தர்நகர் என்கிறது.

இதை மறுப்பவர்கள் ஸ்ரீரங்கத்தைக் காட்டுவார்கள். 1323இல் டெல்லிப் படை கோயிலைச் சூறையாடியது, பெருமாள் ஊர் ஊராகப் போய் 1371இல்தான் திரும்பினார். பிறகு எதற்கு இந்த உரிமைப் பேச்சு? சூறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சூறையாட வந்தவன் வேறு, தங்கி ஆள வந்தவன் வேறு. 1752 முற்றுகையில், நவாப் பதவிக்கு முகமது அலியோடு போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் கோயில் மதில்களுக்குள் பதுங்கினார்கள். எதிரே முகமது அலியோடு ஆங்கிலேயர், தஞ்சை மராட்டியர், மைசூரார், புதுக்கோட்டைத் தொண்டைமான். மதத்தை வைத்து இந்த அணிகளைப் பிரிக்கவே முடியாது. சரணடைந்த பிறகும் சந்தா சாகிபின் படையிலிருந்த ராஜபுத்திரர்கள், மூன்றாம் மதிலுக்குள் எவன் நுழைந்தாலும் வெட்டுவோம் என்று நின்றதை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். வென்றவர்கள் அதை மதித்து உள்ளே போகவில்லை. பீரங்கி வைத்திருந்தவர்களும் அந்த எல்லைக்குக் கட்டுப்பட்டார்கள்.

தர்கா பக்தி அரசியல் வேடம்தானே என்பது அடுத்த மறுப்பு. இருக்கலாம். ஆனால் ஊர் மதிக்காத இடத்தில் வேடம் போட்டு அரசனுக்கு என்ன லாபம்? நவாபுகளுக்கு முன்பே நாயக்க அரசி மங்கம்மாளும் நத்தர்வலி தர்காவுக்கு மானியம் விட்டவர்தான். தலை துண்டிக்கப்பட்ட சந்தா சாகிபுக்கும், 1795இல் சென்னையில் இறந்த முகமது அலிக்கும் அடக்கம் இதே நத்தர்வலி தர்காவில்தான். இரு பகையாளிகளுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது.

ஆனால் தர்கா தந்த உரிமை படையின் வேலையைச் செய்யாது. நவாபின் படை கம்பெனியின் படை, அதற்கான செலவு கடன். 1801இல் கம்பெனி, ஆற்காட்டு நவாபின் நாடாக இருந்த கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டது. ஷா அப்பாஸிடம் பீரங்கியும் சொந்தம், பீங்கான் காணிக்கையும் சொந்தம். முகமது அலி பின்னதை மட்டும் கைவசம் வைத்திருந்தார். ஆட்சி போனதற்குக் காரணம் அவர் தர்காவை நம்பியதல்ல, படையை வாடகைக்கு எடுத்தது.

(தொடரும்)