இரு கண்டங்களும் நாங்கள் இருவரும்

கணவனும் மனைவியுமாக வெளிநாட்டில் ஊர் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இராது. இல்லையென்றால், பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

இஸ்தான்புல் நகரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். துருக்கியிலேயே பெரிய நகரம் அது. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஜனங்கள். நடுவே பாஸ்பரஸ் ஜலசந்தி. இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா! இப்படிப்பட்ட ஊரை ஒரு நாளில் பார்ப்பதென்றால் திட்டம் வேண்டாமா? முதல் நாள் இரவே 11 இடங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று குறித்தும் வைத்துவிட்டேன்.

என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"இதிலே சாப்பாட்டைக் காணோமே?" என்றாள்.

அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு அப்போது புரியவில்லை.

காலையில் முதலாவதாக ஹாகியா சோபியா. ஜஸ்டினியன் சக்கரவர்த்தி மாதா கோயிலாகக் கட்டியது. ஆறு வருஷத்துக்குள் வேலையை முடித்து, கி.பி. 537-ல் திறந்துவிட்டார். 1453-ல் துருக்கியர் நகரைக் கைப்பற்றியதும் மசூதியாயிற்று. 1935-ல் பொருட்காட்சிசாலை. 2020-ல் மறுபடியும் மசூதி. தொழுகை கீழ்த்தளத்தில், 2024 முதல் வெளிநாட்டு யாத்ரீகர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாடிக்கு அனுப்புகிறார்கள்.

பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மற்ற நாட்டுப் பெண்மணிகள் துணி தேடிக் கைப்பையைக் குடைந்துகொண்டிருக்க, என் மனைவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்தாள். புடவைக்கு இப்படியும் ஒரு சௌகரியம்!

தரையிலிருந்து சுமார் 55 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அந்தக் கோபுரக் கூரை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ மாடியின் சலவைக்கல் கைப்பிடிச் சுவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வடதேசத்திலிருந்து வந்த ஒரு வைக்கிங் வீரன் தன் பெயரை அதில் கீறிவிட்டுப் போயிருக்கிறான். ஹால்ப்டான் என்ற பெயர் மட்டும் தெரிகிறது.

"செஞ்சிக் கோட்டையிலே பேர் எழுதின பையன்களைத் திட்டினீர்களே! இவன் அவர்களுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா" என்றாள்.

"நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது, கிளம்பு" என்றேன்.

அடுத்தது பக்கத்திலேயே உள்ள நிலவறை நீர்த்தேக்கம். அதுவும் ஜஸ்டினியன் காலத்துதான். பூமிக்கடியில் 336 தூண்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் தலைகள். பாம்புகளையே கூந்தலாகக் கொண்ட கிரேக்க அரக்கி அவள். தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்கிவிடுவாளாம். ஒரு தலை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது, மற்றொன்று தலைகீழாக. என் மனைவி அங்கே கல்லாய்ச் சமைந்துபோனாள். "இருபது நிமிஷம்!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஆறு ஸ்தூபிகள் கொண்ட நீல மசூதிக்குப் பத்தே நிமிஷம். மத்தியானத்துக்குள் மூடு சந்தைக்கு வந்துவிட்டோம்.

நம் ஊர்க் கடைத்தெருக்கள் அறுபதை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் மூடு சந்தை. 15-ம் நூற்றாண்டில் ஆரம்பித்தது. கம்பளம், விளக்கு, தங்கம், தோல் என்று ஆயிரக்கணக்கான கடைகள். ஒரு செம்புப் பாத்திரக் கடையில் காப்பி போடும் குட்டிக் கிண்டியைப் பார்த்து அவள் நின்றாள். நான் நிற்கவில்லை. மூன்று திருப்பம் தாண்டித் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் மனைவி இல்லை!

டெலிபோன் செய்யலாமென்றால், அவளுடைய கருவியும் என் பையில்தான் இருந்தது. படம் எடுப்பதற்காக நான்தான் வாங்கி வைத்திருந்தேன். வந்த வழியே ஓடினேன். ஒவ்வொரு தெருவும் ஒன்றுபோலவே இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. ஜாபிதா எங்கே விழுந்ததோ, அதுவும் தெரியாது.

கடைசியில் அதே செம்புக் கடை. வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, இடை சிறுத்த கண்ணாடிக் கிளாசில் பாலில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள், மகாராணி!

"பயமாக இல்லையா உனக்கு?"

"பொருட்காட்சிக்குப் போனால் குழந்தைகளுக்கு என்ன சொல்லுவேன்? கை நழுவினால் நின்ற இடத்திலேயே நில்லு என்பேன். நானும் நின்றேன்" என்றாள்.

அந்த அரை மணியில் அவள் அறிந்தது ஏராளம். கடைக்காரருக்கு மூன்று பெண்கள். தேநீருக்குத் துருக்கியிலும் 'சாய்' என்றே பெயர். சங்கிலியில் தொங்கும் தட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் பையன் அதைக் கொண்டு வருகிறான். காப்பிப் பொடி, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் கிண்டியில் சேர்த்தே காய்ச்சி, வடிகட்டாமல் ஊற்றிவிடுகிறார்கள். மண்டி அடியில் தங்கிவிடுகிறது. எல்லாம் ஜாடையிலேயே நடந்த சம்பாஷணை!

கிண்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அப்புறம்தான் அவள் குரல் கம்மிற்று.

"கல்யாணமாகி எட்டு வருஷத்துக்கப்புறம் நாம் இரண்டு பேருமாகக் கிளம்பி வந்திருக்கிறோம். காலையிலிருந்து என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தீர்களா? கடிகாரத்தைத்தானே பார்த்தீர்கள்?"

எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. பேசாமலே சரிவில் இறங்கிப் படகுத் துறைக்கு வந்தோம். எதிரே நீண்ட பாலம் ஒன்று. அதன் விளிம்பில் தோளோடு தோள் நின்று தூண்டில் போடும் ஆட்கள்.

"இது என்ன பாலம்?"

"கலாட்டா பாலம்."

"நம் சண்டை இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே அதன் பெயர் அதுதான், வாசகர்களே! எதிர்க்கரைப் பகுதிக்குக் கலாட்டா என்று பெயர்.

அங்கேயே எள் தூவிய வளைய ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, ஆசியாக் கரையிலுள்ள உஸ்குதாருக்குப் படகு ஏறினோம். பாதி ரொட்டி எங்களுக்கு, பாதி கூடவே பறந்துவந்த கடற்பறவைகளுக்கு. தண்ணீர் நடுவே தனியாக ஒரு சிறு கோபுரம் தெரிந்தது. கன்னிக் கோபுரம் என்கிறார்கள். பாம்பு கடித்து மகள் இறப்பாள் என்று ஜோசியம் கேட்ட அரசன், அவளை அங்கே வைத்துக் காத்தானாம். பழக்கூடைக்குள் ஒளிந்து பாம்பு வந்துவிட்டதாம். நான் கதையை முடிக்கு முன், "அட, நம் பரீட்சித்து மகாராஜா கதை! தட்சகன்கூடப் பழத்திலே புழுவாகத்தானே வந்தான்?" என்றாள். எந்தக் கதை எந்தக் கரையிலிருந்து எங்கே போயிற்றோ!

அக்கரையில் இறங்கி, மறுபடி ஏறி, இக்கரை வந்தோம். அவள் கேட்டதால் இன்னொரு தரமும் போய் வந்தோம். சூரியன் மசூதிகளின் பின்னால் இறங்கும்போது அவள் முகத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஜாபிதாவில் ஏழு இடங்கள் பாக்கி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கிண்டி இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. காப்பி மட்டும் பழையபடி பில்டரில்தான். அந்த விஷயத்தில் துருக்கியரோடு சமரசம் கிடையாது என்று உத்தரவு.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் பிரயாணத்துக்கு ஜாபிதா போட்டால், அதில் சாப்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!