பிறருக்காகப் பேசும் குரல்

ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரே தொழிலைத்தான் செய்ய வேண்டுமா? பாதை மாறுகிறவரை, ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று ஊர் பழிக்கும். நார்வே நாட்டுப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையைப் படித்தபோது, அந்தப் பழிச்சொல் எல்லோருக்கும் பொருந்துமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

அவர் பெரிட் ரைஸ் ஆண்டர்சன் அம்மையார். 1954இல் பிறந்தவர், வழக்கறிஞர். தொழிற்கட்சியைச் சேர்ந்த அவர் 1996இல் நீதித்துறை அமைச்சருக்கு அடுத்த நிலையிலுள்ள பொறுப்பை ஏற்றார். அப்போது அமைச்சராக இருந்த அன்னே ஹோல்ட் அம்மையாரும் சட்டம் படித்தவர். புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியர். உடல்நலக் குறைவால் ஹோல்ட் சில மாதங்களிலேயே பதவி விலகினார். 1997இல் இருவரும் சேர்ந்து ‘சிங்கத்தின் வாய்’ என்ற நாவலை வெளியிட்டனர். நாட்டின் பெண் பிரதமர் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார் என்பதே கதையின் தொடக்கம். 2000இல் இருவரும் மற்றொரு நாவலும் எழுதினர். பின்னர் 2008 முதல் 2012 வரை நார்வே வழக்கறிஞர் சங்கத்தின் தலைமை பெரிட் அம்மையாரிடம் இருந்தது.

2012இல் அவர் அமைதிக்கான நோபல் பரிசுக் குழுவில் உறுப்பினரானார். நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் ஐவர் குழு அது. 2017 முதல் 2023 வரை அவரே அதன் தலைவர்.

அந்தப் பதவி மலர்ப் படுக்கை அன்று. 2019இல் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுவுக்குப் பரிசு வழங்கப்பட்டது. மறு ஆண்டே அந்நாட்டின் திக்ரே பகுதியில் போர் மூண்டது. உலகம் குழுவைக் குறை கூறியது. 2022 ஜனவரியில் பெரிட் அம்மையார் வாய் திறந்தார். பிரதமர் என்ற முறையிலும் பரிசு பெற்றவர் என்ற முறையிலும் போரை நிறுத்தும் தனிப்பொறுப்பு அபிக்கு உண்டு என்றார். தாம் மாலை சூட்டியவரையே கண்டிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

2023இல் ஈரானின் நர்கிஸ் முகம்மதிக்குப் பரிசை அறிவித்தபோது, அந்நாட்டுப் பெண்கள் வீதிகளில் எழுப்பிய ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்ற முழக்கத்தைப் பாரசீக மொழியிலேயே சொல்லித் தொடங்கினார். டிசம்பர் 10ஆம் நாள் ஆஸ்லோ நகர மன்றத்தில் விழா நடந்தபோது நர்கிஸ் டெஹ்ரான் சிறையில் இருந்தார். மேடையில் அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாக இருந்தது. பதினேழு வயது இரட்டைப் பிள்ளைகள் தாயின் உரையைப் படித்தனர்.

வழக்கறிஞர் செய்வது என்ன? தனக்காகப் பேச இயலாதவருக்காகப் பேசுவது. நீதிமன்றத்தில் தொடங்கிய அந்தப் பணியே நோபல் மேடையிலும் தொடர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலிகள் மாறின, குரல் மாறவில்லை.

நான் படிப்பது வேதியியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகைக்கும் குடும்ப அட்டைக்கும் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். வேதியியலுக்கும் மனுவுக்கும் என்ன தொடர்பு என்று முன்பு நினைப்பேன். இப்போது நினைப்பதில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவருக்குப் பட்ட கடன் அது. நாளை நான் ஆய்வகத்தில் இருந்தாலும் அலுவலகத்தில் இருந்தாலும், அந்த மனுக்களை எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.