படுக்கவைத்த நடுகற்கள்

தூக்கம் வராத இரவுகளில் சிலர் சஹஸ்ரநாமம் சொல்வார்கள். நான் கைப்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ஆஸ்திரேலியாவின் வடகோடிக்குப் போய்விடுவேன். டார்வினிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையோடு விரலைத் தெற்கே இழுத்துக்கொண்டே வந்தால், புதர்க்காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு நேர்கோடு தெரியும். ஆறு அப்படி ஓடாது, மாட்டுத்தடமும் அப்படிப் போகாது. அவசரத்தில் இருந்த மனுஷன்தான் அப்படிக் கோடு கிழிப்பான்.

1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வினைக் குண்டு போட்டுச் சிதைத்த பின் வந்த அவசரம் அது. சாலையை ஒட்டி வரிசையாக ஓடுதளங்கள் போட்டார்கள்; போர் முடிந்ததும் போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். அதே போர் நம் பக்கமும் சோழவரத்தில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது. பிற்பாடு அங்கே கார் பந்தயம் நடந்தபோது அப்பா என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். எல்லாரும் காரைப் பார்க்க, தரை எதற்கு இவ்வளவு அகலம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனாம். கிறுக்கு அன்றைக்கே தொற்றியிருக்க வேண்டும்.

லிவிங்ஸ்டன், ஸ்ட்ராஸ், பெல் என்று அந்தத் தளங்களுக்குப் பெயர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில், யாரோ மந்திரிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்தால் எல்லாரும் செத்துப்போன அமெரிக்க விமானிகள். பெல் அந்தப் பிப்ரவரி 19 அன்றே போனார். லிவிங்ஸ்டன் ஏப்ரல் 4 அன்று, ஸ்ட்ராஸ் ஏப்ரல் 27 அன்று. மேற்கே கிம்பர்லியில் இருக்கும் ட்ரஸ்காட் தளம் மெல்போர்னின் கால்பந்து நட்சத்திரம் ஒருவரின் பெயரில் இருக்கிறது. விமானியாகி 1943இல் கடலில் விழுந்து இறந்தவர். நம் ஊரில் ஆநிரை மீட்கப்போய் மடிந்தவனுக்கு ஓர் ஆள் உயரத்துக்குக் கல் நட்டார்கள். இவர்களுக்கு ஒரு மைல் நீளத்துக்குக் கல்லைப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

இந்த நடுகல் வரிசையில் என்னைத் தூங்கவிடாத பெயர் ஃபென்டன். தன் பெயரில் ஓடுதளம் வந்தபோது டாக்டர் கிளைட் ஃபென்டன் உயிரோடுதான் இருந்தார். 1982 வரைக்கும் இருந்தார்!

1930களில் கேத்தரின் என்ற சிற்றூரில் டாக்டர். வைத்தியமும் அவரே, விமானம் ஓட்டுவதும் அவரே. வண்டி, ஜிப்ஸி மாத்: மரமும் துணியுமாக, தலைக்குமேல் கூரையில்லாத இரண்டு இருக்கைகளோடு ஒரு தும்பி. ஏதோ ஒரு மாட்டுப்பண்ணையில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அதில் கிளம்பிவிடுவார். புல்வெளியோ பொட்டலோ, கண்ணில் பட்ட இடத்தில் இறக்குவார். எத்தனை முறை நொறுக்கினாலும் மறுபடி ஏறுவார். டார்வினில் திறந்தவெளிக் கொட்டகையில் ஜனங்கள் சினிமா பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தலையை உரசுகிற மாதிரி பறந்து காட்டியிருக்கிறார். விமானத்துறை அதிகாரிகளுக்கு அவர் தீராத தலைவலி. 1936இல் சீனாவில் சகோதரி இறந்துபோன செய்தி வந்ததும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தச் சின்ன விமானத்திலேயே சீனா போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மேஜைக்கு முன்னால் நின்றவன் நான். அந்த இடம் வந்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

போர் வந்ததும் விமானப்படை அவரையும் சேர்த்துக்கொண்டது. தொலைதூர முகாம்களுக்குத் தபாலும் சாப்பாட்டுச் சாமானும் கொண்டுபோகிற பிரிவு ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் பெயர் வைத்த தளத்திலோ 1943இலிருந்து அமெரிக்காவின் நாலு இன்ஜின் லிபரேட்டர்கள். குண்டு நிரப்பிக்கொண்டு போர்னியோவின் பாலிக்பப்பான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்வரை போய்த் திரும்பின. தும்பிக்காரர் பெயரில் யானைக் கொட்டாரம்.

அவரே ஒரு நாள் மூட்டையோடு அங்கே வந்து இறங்குவதாக நானாகக் கற்பனை செய்துகொள்வேன்.

“யார் வருவது?”

“ஃபென்டன்.”

“அது தெரியும், நீங்கள் இறங்கப்போகிற இடம். பேசுவது யார்?”

“ஃபென்டன்தானய்யா!”

இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. “மணி ரெண்டேகால்” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.