மாமாவின் துண்டு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை டைட்டானியம் டை ஆக்சைடு நானோதூளைத் தொட வேண்டுமென்றாலும் கையுறை, மாஸ்க், ஃப்யூம் ஹூட் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் சார் விடமாட்டார். போன வாரம் ஊருக்குப் போய் மாமாவின் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு பழைய துண்டு!

நானோ என்றால் ஏதோ புது சமாச்சாரம் என்று நினைக்கிறோம். வெல்டிங் புகையிலும் அதுதான் இருக்கிறது. ஆவியான உலோகம் காற்றில் குளிர்ந்து, 100 நானோமீட்டரைவிடச் சிறிய துகள்களாக உறைகிறது. துண்டின் இழைகளுக்கு நடுவே சுலபமாக நுழைந்து, நுரையீரலின் காற்றறை வரை போய்விடும்.

அதே பொருள்தான், ஆனால் சிறுத்தால் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 2011-ல் பரிந்துரைத்த வரம்பைப் பாருங்கள். ஒரு கனமீட்டர் காற்றில் சாதாரண டைட்டானியம் டை ஆக்சைடு தூள் 2.4 மில்லிகிராம் வரை இருக்கலாம். நானோதூள் என்றால் 0.3 தான். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2017-ல் சொல்லிவிட்டது.

"முப்பது வருஷமா இந்தத் துண்டுதான், என்னடா ஆச்சு?" என்று சிரிக்கிறார் மாமா. என் காலேஜ் ஃபீஸ் வருவது அந்தப் புகையிலிருந்துதான். ஒரு பெட்டி என்-95 மாஸ்க் வாங்கிவிட்டேன். அவரைப் போட வைப்பதுதான் பெரும்பாடு!