பஞ்சின் கனம்

"ஒரு மணங்கு இரும்பு கனமா, ஒரு மணங்கு பஞ்சு கனமா?" என்று சிறு பிள்ளைகளை மடக்குவதற்காகக் கேட்பார்கள். இரும்பு என்று சொல்லிவிட்டு விழிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதே கேள்வியை விமானச் சரக்கு ஆபீஸில் போய்க் கேட்டால், "பஞ்சுதான் சார்" என்று பதில் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அம்மாவின் வீணையை ஒஹாயோவிலிருக்கும் அக்கா பெண்ணுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அம்மா போய் ஒரு வருஷமாக அது உறைக்குள்ளேயே கிடந்தது. எனக்கோ அக்காவுக்கோ வாசிக்க வராது. அவள்தான் பாட்டியிடம் உட்கார்ந்து வர்ணம் வரைக்கும் கற்றுக்கொண்டவள். தஞ்சாவூர் ஏகாண்ட வீணை. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தவை. சுரைக்குடுக்கையைக் கழற்றலாம். மற்றபடி பிரிக்க வழியில்லை. கப்பலில் போட்டால் செலவு குறையும்தான். ஆனால் மெட்டுகள் நிற்பதெல்லாம் தேன்மெழுகில் கரித்தூள் கலந்து கட்டிய மேளத்தின் மேல். வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் வாரக் கணக்கில் கிடந்தால் அந்த மெழுகு என்ன கதியாகும்? ஆகாய மார்க்கமே சரி என்று தீர்மானித்தோம்.

ஆசாரி தாராளமாக ஒரு பெட்டி செய்தார். நீளம் 150 சென்டிமீட்டர், அகலம் 55, உயரம் 50. வீணையோடு 22 கிலோ. சரக்கு ஆபீஸ் பையன் தராசின் பக்கமே போகவில்லை, டேப்பை எடுத்தான். மூன்று அளவையும் பெருக்கி, வந்த 4,12,500ஐ 6000ஆல் வகுத்தான். 68.75. அதை 69 ஆக்கினான்.

"22 கிலோதானேப்பா?"

"எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் சார் சார்ஜ். கூரியர்ல போனா 5000ஆல வகுப்பாங்க. 82 கிலோவுக்கு மேல வரும்."

எனக்குக் கோபம் வரவில்லை. விமானத்தின் வயிறு, கனம் தாங்காமல் போவதற்கு முன்பே இடம் இல்லாமல் நிறைந்துவிடுகிறது. இடத்தை அடைத்துக்கொள்கிறவன்தானே வாடகை கொடுக்க வேண்டும்? ரயில் பெஞ்சில் படுக்கை விரித்தவனிடம் நாம் கேட்கும் நியாயம்தான் இது.

நியூயார்க்கில் இறங்கியபின் லாரிப் பயணம் வேறு இருக்கிறது. அதைப் பற்றி மாப்பிள்ளை எழுதியிருந்தார். கணக்கில் மகா சூரர். அங்கே பவுண்டைக் கன அடியால் வகுத்து அடர்த்தி பார்ப்பார்களாம். சரக்குக்கு 50 முதல் 500 வரை 18 வகுப்புகள். செங்கல் அடியிலே, பிங்பாங் பந்து உச்சியிலே என்று உதாரணம் சொல்வார்கள். ஜாதி உயர உயரக் கூலியும் உயரும். 2025 ஜூலையில் 13 படிகளாக ஓர் அடர்த்தி அளவுகோல் வைத்து, ஏராளமான சாமான்களை அதன்கீழ் கொண்டுவந்தார்கள். எங்கள் பெட்டி 14.6 கன அடி, 48.5 பவுண்டு; அடர்த்தி 3.3. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே இருந்தால் வகுப்பு 250. நாலைத் தாண்டிவிட்டால் 175. உடையும் பொருளா, அடுக்கச் சிரமமா என்பதெல்லாம் இதற்கு மேல்.

பெட்டியைச் சிறிதாக்கச் சொன்னதும் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, நாலு விரக்கடை மெத்தை இல்லேன்னா குடம் வெடிச்சிரும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தடித்த பஞ்சுக்குப் பணம் கொடுப்பதா, மெல்லிய பஞ்சை நம்பி அம்மாவின் வீணையை ஒப்படைப்பதா? அவரோடு ஒரு பகல் முழுக்க மன்றாடினேன். கடைசியில் குடத்தைச் சுற்றி மட்டும் அவர் சொன்ன மெத்தையை விட்டுக்கொடுத்து, மற்ற இடங்களில் இறுக்கினோம். 138, 45, 40. எடை 18 கிலோ. விமானக் கணக்கில் 41.4, அதாவது 41.5. லாரிக் கணக்கில் அடர்த்தி நாலரை.

தண்டியின் இரு பக்கமும் இன்னும் வெற்றிடம் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நாற்பத்தொண்ணரை கிலோவுக்குப் பணம் கட்டறோம். இருக்கிறது பதினெட்டு. பாக்கி நம்ம இடம்தானேடா?"

உள்ளே போய் அம்மாவின் நூல்புடவைகள் ஏழை எடுத்துவந்தாள். சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், துவைத்துத் துவைத்துப் பூவாய்ப் போனவை. கடைப் பஞ்சை எடுத்தெறிந்துவிட்டு அவற்றைத் தண்டியைச் சுற்றி அடைத்தாள். ஆசாரியும் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூடியை ஆணி அடிக்கும் சமயத்தில், "இருங்க" என்று ஒரு புடவையை மட்டும் உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தராசில் 21 காட்டியது. பில்லில் 41.5 அப்படியே இருந்தது.