வந்தாலும் வரலாம்

புரட்டாசி பாதி தாண்டிவிட்டால் எங்கள் கரிசல் கிராமங்களில் எந்தப் பேச்சும் மழையில் போய்த்தான் நிற்கும். மழைக்கு முன்பே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் சோளத்தையோ பருத்தியையோ புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கும் மானாவாரிக்காரர்கள், 'மழை வரும்' என்று லேசில் சொல்லிவிடமாட்டார்கள். 'வரலாம்' என்பார்கள். மேகம் திரண்டால் 'வரும்போலத்தான் இருக்கு'. முளைத்த பயிர் வாடும்போது 'வந்தே ஆகணும்'. ஒரு மழைக்கு இத்தனை படிகள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். கேன், மே, மைட், மஸ்ட் போன்ற துணைவினைகளை ரொம்ப காலம் பட்டியல் போட்டுத்தான் நடத்தினேன். முடியும் என்றால் கேன், லாம் என்றால் மே, வேண்டும் என்றால் மஸ்ட். பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிப் போனார்கள்.

அதன் கேடு, என்னிடம் படித்து வெளியூரில் வேலைக்குப் போன ஒரு பையனால்தான் எனக்கு உறைத்தது. லீவு நாளில் மேலதிகாரி அலைய வேண்டியதில்லை, தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று செல்போனில் அனுப்பியிருக்கிறான். அவர் அதை 'நாளைக்கு நீங்கள் வரவே கூடாது' என்று படித்திருக்கிறார். நல்ல மனசோடு அனுப்பிய செய்தி மரியாதைக் குறைவாகப் போய்விட்டது. வேண்டும் என்பதை மறுத்தால் தமிழில் வேண்டாம், வேண்டியதில்லை, கூடாது என்று மூன்று வழி பிரியும். மஸ்ட் நாட் 'கூடாது' என்ற ஒன்றைத்தான் சொல்லும். வேண்டியதில்லை என்பதற்கு நீட் நாட், அல்லது டோன்ட் ஹேவ் டு. இதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அதோடு பட்டியலை விட்டேன். 'ரெயின் கேன் கம் டுடே' என்று எழுதிய பையனிடம், "காலையில உங்க தாத்தா மழையைப் பத்தி என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"வந்தாலும் வரலாம்னாரு சார்."

"அதுதான் மைட். இட் மைட் ரெயின்."

அவன் அதை மறக்கவே இல்லை.

வோன்ட் என்ற சொல்லுக்குத் தீப்பெட்டி கைகொடுத்தது. தீப்பெட்டி ஊரில் பிள்ளைகளுக்குக் குச்சியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஐப்பசி ஈரத்தில் நமத்துப்போன குச்சியை ஒருத்தியிடம் கொடுத்து உரசச் சொன்னேன். இரண்டு தரம், மூன்று தரம் உரசினாள். மருந்துதான் உதிர்ந்தது. "பத்த மாட்டேங்குது சார்" என்றாள். தி மேட்ச் வோன்ட் லைட் என்று போர்டில் எழுதினேன். வில் எதிர்காலத்துக்கு என்று படித்திருந்தவர்களுக்கு, அது முரண்டு பிடிப்பதையும் சொல்லும் என்று அந்த ஒரு குச்சியில் விளங்கிவிட்டது. உயிரில்லாத பொருளுக்கும் மனசு இருப்பதுபோல 'மாட்டேன்' போட்டுப் பேசுவது இரண்டு மொழிக்கும் பொது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ எங்க மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது, தி கவ் வோன்ட் டிரிங்க், சரியா சார்?" அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரிசல் பேச்சுக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அகராதி போடும் அளவுக்குச் சொல்வளம் உள்ள மண்ணின் பிள்ளைகளை, 'இங்கிலீஷ் வராது' என்று ஒதுக்கி உட்காரவைப்பது அநியாயம்.

ஆங்கிலம் நடத்தும் சக ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துணைவினை நடத்தும் அன்றைக்குப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வீட்டில் கேட்ட பேச்சைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். மஸ்ட் நாட் பக்கத்தில் கூடாது என்றும், நீட் நாட் பக்கத்தில் வேண்டியதில்லை என்றும் அவர்கள் கையாலேயே எழுதட்டும்.