பொய்த்தரை

ராகலையிலிருந்து கடல் தெரியாது. ஆயினும் நமது லயத்து அடுப்புகளில் கருவாடு மணக்காத வாரமில்லை. அக்கருவாட்டின் விலைக்குள் மீனவன் எரித்த டீசலும் அடங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதி, இல்லாத மீனைத் துரத்தி எரிந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நீர்கொழும்பில் ஒரு படகிலேறி, மீன் காட்டும் சோனார்க் கருவியைப் பார்த்தோம். அதன் தத்துவம் மலைநாட்டாருக்குப் புதிதன்று. எதிர்மலையை நோக்கிக் கூவினால் குரல் திரும்புகிறதல்லவா? கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் செல்கிறது. அது சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணிக்கிறது.

ஆனால், திரும்பும் ஒலியெல்லாம் மெய்யன்று. ஆழங்குறைந்த பாறைத் தரையில் பட்ட ஒலி, நீர்மட்டத்தில் மோதி மீண்டும் தரைக்குச் சென்று வரும்; பத்துப் பாகத்திலுள்ள தரை இருபது பாகத்திலும் தோன்றும். கருவியின் உணர்திறனைக் குறைத்தால் இப்பொய்த்தரையே முதலில் மங்கும். அண்டைப் படகின் கருவி அதே அதிர்வெண்ணில் இயங்கினால், திரையில் சாய்ந்த புள்ளிக்கோடுகள் மழைபோல் விழும். நமது கருவி ஒலி அனுப்புவதை நிறுத்திய பின்னும் அவை நீடித்தால், அவை அயற்படகினுடையவை.

இவற்றை விளக்கும் நூல் அப்படகிலே இருந்தது; ஆங்கிலத்தில்! படகோட்டியோ தமிழும் சிங்களமும் மட்டுமே அறிந்தவர். "வெறும் வலையை இழுத்தாலும் டீசல் கடனைக் கட்டத்தானே வேணும், மாஸ்டர்" என்றார். அவர் கற்றதெல்லாம் அந்த வெறும் வலைகளிடந்தான்.

பொய்யென்று தள்ளுவதிலும் அவசரம் ஆகாது. உலகப்போரின் நடுவே, 1942 இல், கலிபோர்னியாக் கரைக்கப்பால் ஒலியாய்வு செய்த அமெரிக்க விஞ்ஞானிகள் ஆழ்கடலின் இடையே ஒரு பொய்த்தரையைக் கண்டனர். 1945 இல் மார்ட்டின் ஜோன்சன் என்ற உயிரியலாளர் அதை இரவும் பகலும் கவனித்தார். மாலையில் அது மேலெழுந்தது, விடியலில் கீழிறங்கியது. தரை நகருமா? அது எண்ணற்ற சிற்றுயிர்களின் கூட்டம்!

உழைப்பவன் கைக்கு ஒரு கருவி வந்தால், அதைச் சோதிக்கும் அறிவும் அவன் மொழியில் உடன்வரவேண்டும். கொழுந்து நிறுக்குமிடத்தில் கூடையோடு நிற்கும் நம் தாய்மார், தராசு காட்டும் எண்ணைத் தாமே படித்துக் கேள்வி கேட்க வேண்டுமென்று நாம் கோருவதும் இதனாற்றான். ஆசிரியர்களே, மாணவர்களே, அந்த ஆங்கில நூலின் நாலு பக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கித் தர நம்மால் இயலாதா?